செத்த வண்டி தேவசேனா

தேவசேனாவுக்கு வாய் அதிகம் என்று அவள் குப்பை எடுக்கும் தெருக்களில் ஒரு பேச்சு உண்டு. அப்படிப் பேசுகிறவர்களைப் பற்றி அவளுக்கு அதைவிட மட்டமான அபிப்பிராயம். "எங்கிட்ட சுத்தமா கீறது வாய் ஒன்னுதான். அதையும் மூடிக்கினு போவச் சொல்றாங்க" என்பாள்.

மலையடிவாரத்து அலிபிரியிலிருந்து திருப்பதி ஊருக்குள் இறங்கும் பக்கம் லாட்ஜும் டிபன் கடையும் வீடுகளுமாகக் கலந்து கிடக்கிற சந்துகள் அவளுடையவை. தெலுங்கில் குப்பைக்கு 'செத்த' என்று பெயர். குப்பை வண்டி அங்கே 'செத்த பண்டி'. அவள் விசில் ஊதினால் மாடியிலிருந்து பிள்ளைகள் "செத்த பண்டி ஒச்சிந்தி" என்று கூவி வண்டி வந்துவிட்டதைச் சொல்லும். நகரிப் பக்கத்துத் தமிழ்க்காரியின் காதில் அது வேறு மாதிரித்தான் விழும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு வீட்டம்மா அவளை "செத்தம்மா" என்று கூப்பிட்டாள். "இன்னும் சாவல, உயிரோடதான் கீறேன், பையக் குடு" என்று தேவசேனா தமிழிலேயே பதில் சொன்னாள். வீட்டம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. வண்டியின் மறுபுறம் பிடித்திருந்த பச்சையம்மாள் மட்டும் சிரித்த சிரிப்பில் வண்டியை விட்டுவிட, அது சரிவில் தானாக ஓடி ஒரு புல்லட் மேல் மோதி நின்றது.

பச்சையம்மாள் அவளோடு ஒரே வண்டியில் போகிறவள். தேவசேனாவைவிடச் சில வயது மூத்தவள். அவளுடைய அம்மாவும் இதே தெருக்களைத்தான் பெருக்கினாள், அம்மாவின் அம்மாவும். சேரியில் பிறந்த யாருக்கும் இந்த வேலைக்கு யார் சிபாரிசும் தேவைப்படவில்லை என்று சொல்வாள். அதைப் பெருமையாகச் சொல்கிறாளா, எரிச்சலாகச் சொல்கிறாளா என்று தேவசேனாவுக்குப் பல நாள் புரிந்ததில்லை.

இருவரும் வண்டி தள்ளிக்கொண்டே ஊரைத் திட்டுவார்கள். திட்டுவதற்கு ஊர் குறை வைத்ததே இல்லை. ஈரக் குப்பைக்கு ஒரு தொட்டி, காய்ந்த குப்பைக்கு ஒரு தொட்டி என்று வீட்டுக்கு வீடு கொடுத்திருந்தார்கள். ஒன்றில் துளசி வைத்திருப்பார்கள், இன்னொன்றில் அரிசி. குப்பை எப்போதும்போல ஒரே கறுப்புப் பையில் வரும்: மீந்த சாம்பார், குழந்தையின் டயப்பர், உடைந்த டியூப் லைட், ஷேவிங் பிளேடு. பையை நீட்டும்போது மட்டும் மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள். ராத்திரி முழுக்க அந்த நாற்றத்தோடு ஒரே வீட்டில் படுத்து எழுந்தவர்களுக்கு, அவள் கைக்கு வந்தவுடன்தான் அது நாறும். காலனி சங்கத்துத் தலைவர் நரசிம்மன் ரிட்டயர்டு அதிகாரி. தெருமுனையில் 'இங்கே குப்பை கொட்டாதீர்கள்' என்று தெலுங்கிலும் தமிழிலும் இங்கிலீஷிலும் போர்டு வைத்தவர் அவர்தான். விடியலில் வாக்கிங் போகும்போது அந்தப் போர்டுக்குக் கீழேயே தன் வீட்டுப் பையை வைத்துவிட்டுப் போகிறவரும் அவரேதான். மூன்று மொழி படித்தவர், ஒன்றிலும் தன்னைச் சொல்லவில்லை என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது.

யாத்திரைக்காரர்கள் கதை தனி. மலை ஏறுகிறவர்கள் பாவத்தை மேலே இறக்குகிறார்களோ இல்லையோ, செருப்பைக் கீழேயே விட்டுவிடுகிறார்கள். பண்டிகை நாளில் கற்பூரப் பெட்டி, தேங்காய் ஓடு, தண்ணீர் பாட்டில் எல்லாம் வாரி முடித்தாலும் செருப்பு வாரி முடியாது. அத்தனையிலும் ஜோடி சேர்ந்த ஒரு நல்ல செருப்பு பச்சையம்மாள் காலுக்குக் கிடைத்தது ஒரே ஒரு முறை. அதையும் மறுநாள் ஒருவன் வந்து தன்னுடையது என்று கழற்றி வாங்கிக்கொண்டு போனான்.

வேலை கொடுத்தது ஒரு ஏஜென்சி. காகிதத்தில் ஒரு சம்பளம், கையில் ஒரு சம்பளம். நடுவில் இருக்கிற வித்தியாசம் பி.எஃப். என்று சொல்லிப் பிடிப்பார்கள். அது எந்த உண்டியலில் விழுந்தது என்று கேட்டவர்களுக்கு பதில் கிடைத்ததில்லை. சம்பளத்துக்கு அங்கே ஜீதம் என்று பேர். கையில் வருகிற ஜீதமும் மாதாமாதம் வராது. வந்தால் வரும். காலையில் வந்ததும் சூப்பர்வைசர் ஸ்ரீஹரியின் போன் முன்னால் முகத்தைக் காட்ட வேண்டும். போன் முகத்தை அடையாளம் கண்டால்தான் அன்றைக்கு வருகை. விடியாத இருட்டில், தலையில் துணி கட்டிய தேவசேனாவின் முகம் அதற்குப் பல நாள் பிடிபடாது. "மறுபடி காமி, மறுபடி காமி" என்பான் ஸ்ரீஹரி. கடைசியில் ஆப்சென்ட் என்பான். ஆப்சென்ட் ஆனவள் நாள் முழுக்கக் குப்பை அள்ளலாம், அதற்குத் தடையில்லை. கூலி மட்டும் கிடையாது.

ஒரு முறை புதுக் கையுறையும் ரப்பர் பூட்சும் கொடுத்து வரிசையாக நிற்க வைத்துப் படம் எடுத்தார்கள். படம் எடுத்து முடித்ததும் அடுத்த வார்டுக்காரர்கள் படம் எடுக்க வேண்டும் என்று கழற்றி வாங்கிக்கொண்டார்கள். தேவசேனா வெறுங்கையோடுதான் அள்ளினாள். விரலிடுக்கில் தோல் வெடித்துப் புண் ஆறவே ஆறாது. சோப்பு எத்தனை போட்டாலும் கையின் வாசனை போகாததால் அந்தக் கையால் சோறு துன்ன அவளுக்கு மனம் வரவில்லை. ஒரு எவர்சில்வர் ஸ்பூன் வாங்கிக்கொண்டாள். மத்தியானம் மரத்தடியில் உட்கார்ந்து டப்பாவில் ஸ்பூன் போட்டுச் சாப்பிட்டால் டீக்கடையில் இருப்பவர்கள் "துரைசானிய பாருங்கடா" என்பார்கள். தேவசேனா நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டாள். டீக்கிளாஸைக் கழுவுகிற தொட்டித் தண்ணீரின் நிறம் அவளுக்குத் தெரியும். அதில் குடிக்கிறவர்களோடு என்ன பேச்சு?

இந்த வேலைக்கு வரவேண்டும் என்று பிறந்தவள் இல்லை அவள். பிச்சாட்டூர் ஏரிப் பக்கம் கரும்பும் நெல்லும் போடுகிற குடும்பம். நகரியில் பவர்லூம் ஓட்டிய மோகன்ராஜுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். நல்ல மனுஷன், நெஞ்சுச் சளி நோயாளி. சளி முற்றி அவன் போனபோது மகள் தரணி பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். தம்பி உமாபதி வந்து, ஊருக்கே வந்துவிடு, இரண்டு வேளை சோற்றுக்கு என்ன குறை என்று அழைத்தான். சோற்றுக்குக் குறை இருக்கவில்லை. விடிந்தால் மாட்டுக் கொட்டகை, அப்புறம் களை, அப்புறம் பாத்திரம். தம்பி பெண்டாட்டி ரூபா ஊருக்கெல்லாம், நாத்தனாரை உட்கார வைத்துச் சோறு போடுவதாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். தேவசேனா ஒரு வருஷம் பார்த்தாள். சாணி அள்ளிக் கூலியில்லாமல் கும்பிடு போடுவதைவிட, குப்பை அள்ளிக் கூலி வாங்கலாம் என்று பஸ் ஏறினாள். தரணி இப்போது சித்தூரில் நர்சிங் படிக்கிறாள். கூடப் படிக்கிற பெண்களிடம் அம்மாவுக்கு முனிசிபாலிட்டியில் வேலை என்று சொல்லியிருக்கிறாள். "சேர் போட்டு உக்காந்து கீறேன்னு நெனச்சிக்கினு கீதுங்க போல" என்று அதையும் தேவசேனா பரிகாசம் செய்தாள். மகளைத் திருத்தவில்லை.

அவள் என்ன வேலை செய்கிறாள் என்று ஊருக்குத் தெரிய ஒரு வருஷம் ஆயிற்று. அந்த வருஷம் உமாபதியின் பெண்ணுக்கு மஞ்சள் நீராட்டு. அத்தை சீர் இல்லாமல் நடக்காது என்பதால் அழைத்தான். தேவசேனா பட்டுப்பாவாடையும் தட்டும் எடுத்துக்கொண்டு போனாள். தட்டை வாங்கிக்கொண்டார்கள். பந்தியில் எல்லோரும் உட்கார்ந்தபோது ரூபா அவளைத் தனியாகக் கொட்டகைப் பக்கம் அழைத்துப் போய் இலை போட்டாள். மற்றவர்களுக்கு எவர்சில்வர் டம்ளர், அவளுக்குக் காகித கப். காற்று வரும் இடமாயிற்றே என்று ரூபா காரணம் சொன்னாள். உமாபதி கொஞ்ச தூரத்தில் நின்று பந்தலின் கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான். அது அவிழவும் இல்லை, கட்டவும் தேவைப்படவில்லை.

தேவசேனா தண்ணீரைக் குடித்தாள். கப்பைக் கசக்கி முந்தானையில் முடிந்துகொண்டு எழுந்தாள். "இத இங்க போட்டா அள்ள ஆள் வேணும். நானே எடுத்துக்கினு போறேன்" என்று பந்தி முழுக்கக் கேட்கும்படி சொல்லிவிட்டு நடந்தாள். அதற்குப் பின் அந்த வீட்டில் நல்லதுக்கும் கெட்டதுக்கும் அவளுக்கு அழைப்பு வரவில்லை.

இதைப் பச்சையம்மாளிடம் சொன்னபோது, அவளும் தன்னோடு சேர்ந்து கொதிப்பாள் என்று எதிர்பார்த்தாள். பச்சையம்மாள் வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டாள். பிறகு, "உனக்கு ஒரு நாளு கொட்டாயில எல போட்டாங்க. எனக்கு அந்த ஊருல தெருவே இல்ல" என்றாள். தேவசேனாவுக்குச் சுருக்கென்றது. ஆனால் அவள் கோபம் உமாபதி மேல்தான் இன்னும் ஏறியது.

போன மார்கழியில் ஸ்ட்ரைக் வந்தது. தீபாவளிக்கு முன்னாலிருந்தே சம்பளம் இல்லை. ஏகாதசிக் கூட்டத்துக்காக இரட்டை வேலை வாங்கிவிட்டு, ரேப்பு ரேப்பு, நாளைக்கு நாளைக்கு என்று நாளைக் கடத்தினான் ஸ்ரீஹரி. ஒரு காலை யாரும் அவன் போன் முன்னால் முகத்தைக் காட்டவில்லை. அலிபிரி ரோட்டோரம் ஒரு பந்தல் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

இரண்டொரு நாளிலேயே ஊர் நாறத் தொடங்கியது. லாட்ஜ் வாசல்களில் இலைகள் மலையாகக் குவிந்தன. மாடுகள் அவற்றை ரோடு முழுக்க இழுத்துப் போட்டன. அதுவரை அவர்கள் பேரைக்கூடக் கேட்காதவர்கள் "அம்மா" போட்டுப் பேசத் தொடங்கினார்கள். நரசிம்மன் ஒரு பிளாஸ்கில் காபி எடுத்துக்கொண்டு பந்தலுக்கு வந்தார். ஏழைகளின் கஷ்டம் தனக்குத் தெரியும் என்றும், போராட்டம் நியாயமானது என்றும் நெடுநேரம் பேசினார். பிறகு குரலைத் தணித்து, தன் தெருவை மட்டும் யாருக்கும் தெரியாமல் சுத்தம் செய்துவிட முடியுமா, வீட்டில் பேத்திக்கு நிச்சயதார்த்தம் வைத்திருக்கிறது என்றார். தேவசேனா காபியைக் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு, "போர்டு வெச்சிருக்கீங்களே சார், அத படிச்சா குப்ப தானா போயிரும்" என்றாள். பிளாஸ்க்கை மூடி எடுத்துக்கொண்டு போன அவர் முகத்தைப் பார்த்துப் பந்தலே வயிறு குலுங்கச் சிரித்தது.

மறுநாள் ஏஜென்சி ஒரு வேனைக் கொண்டுவந்தது. எல்லைப்புறக் கிராமங்களிலிருந்து கூலிக்கு ஆள் பிடித்து வந்திருந்தார்கள். ஒரு நாளைக்கு இரண்டு நாள் கூலி, சாயங்காலமே கையில் காசு என்று பேச்சு. வேன் முன்னால் போய் உட்கார்ந்த பெண்களைப் போலீஸ்காரர்கள் ஓரமாகத் தள்ளி நிறுத்தினார்கள். வேனிலிருந்து ஆட்கள் இறங்கினார்கள். துண்டால் முகத்தை மூடியவர்கள், மாஸ்க் போட்டவர்கள், தொப்பியைக் கண் வரை இழுத்துவிட்டவர்கள். வேலை தெரிந்தவன் ஒருவன்கூட அதில் இல்லை. நனைந்த பையை அடியில் கைகொடுத்துத் தூக்கினார்கள். அது கிழிந்து அவர்கள் மேலேயே கொட்டியது. பெண்கள் ஓரத்தில் நின்று ஏசினார்கள், சிரித்தார்கள். தேவசேனாவின் குரல் எல்லோருக்கும் மேலே கேட்டது.

அப்போது மாஸ்க் போட்ட ஒருவன் மாஸ்க்கைக் கீழே இழுத்தான். இரண்டு உள்ளங்கையிலும் துப்பித் தேய்த்துக்கொண்டான். மண்வெட்டி பிடிக்கப் போகிறவனைப் போல. பிறகு குனிந்து பையைப் பிடித்தான்.

தேவசேனாவின் குரல் நின்றுவிட்டது. குப்பை அள்ளப் போகிற கையில் எச்சில் துப்பித் தேய்க்கிற மடையன் உலகத்தில் ஒருவன்தான் இருக்க முடியும். அவன் அவளுடைய தம்பி.

உமாபதியும் அவளைப் பார்த்தான். மாஸ்க்கை மேலே இழுத்துக்கொண்டான். திரும்பி நின்றான். கூப்பிட்டுக் கத்தவேண்டும் போலிருந்தது அவளுக்கு. எல்லோர் முன்னாலும் அவன் மாஸ்க்கைப் பிடுங்கி, மஞ்சள் நீராட்டுக்கு வந்த சனத்தை எல்லாம் பஸ் பிடித்துக் கூட்டிவந்து காட்டவேண்டும் போலிருந்தது. வாய் வரை வந்தது. ஆனால் அடுத்த கணம் வேறொன்று தோன்றி வாயை அடைத்தது. இவன் யார் என்று பக்கத்தில் இருக்கிறவள் கேட்டால் என்ன சொல்வது? ஸ்ட்ரைக்கை உடைக்க வந்தவன் என் கூடப் பிறந்தவன் என்றா? இத்தனை வருஷம் அவன் அவளை அக்கா என்று சொல்ல வெட்கப்பட்டான். இப்போது அவனைத் தம்பி என்று சொல்ல அவளுக்குக் கூசியது. கூட்டத்தின் பின்வரிசைக்குப் போய் நின்றுகொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் கத்தல் கேட்டது. டியூப் லைட்டுகள் உடைந்து கிடந்த மூட்டையை உமாபதி நெஞ்சோடு அணைத்துத் தூக்கியிருக்கிறான். கண்ணாடி உள்ளங்கையில் இறங்கி மணிக்கட்டுப் பக்கம் வரை கீறிவிட்டது. மூட்டையைப் போட்டுவிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். ஸ்ரீஹரி வந்து பார்த்தான். ஒரு துணியைக் கொடுத்துக் கட்டிக்கொள்ளச் சொன்னான். கட்டிய துணி ஊறிச் சொட்டத் தொடங்கியதும், இங்கே உட்காராதே, ஓரமாகப் போ, வேலை கெடுகிறது என்றான். வேன் மற்றவர்களை ஏற்றிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போய்விட்டது.

அடைத்திருந்த ஒரு கடையின் ஷட்டரில் சாய்ந்து கிடந்தான் உமாபதி. தேவசேனா அவன் முன்னால் போய் நின்றாள். எழுந்திரு என்றுகூடச் சொல்லவில்லை. முழங்கைக்கு மேல் பிடித்துத் தூக்கி ஆட்டோவில் போட்டாள். பெரியாஸ்பத்திரி வரும்வரை இருவரும் ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

சீட்டு எழுதுகிறவன் தெலுங்கில் பேர் கேட்டான், ஊர் கேட்டான். என்ன பனி, அதாவது வேலை, செய்கிறாய் என்றான்.

"வ்யவசாயம்" என்றான் உமாபதி.

"செத்த பனி" என்றாள் தேவசேனா.

எழுதுகிறவன் நிமிர்ந்து இருவரையும் பார்த்தான். உமாபதி வாயைத் திறப்பதற்குள் அவளே மறுபடி சொன்னாள்: குப்பை அள்ளும்போது கிழித்தது, அழுக்குக் கண்ணாடி, அதற்குத் தகுந்த ஊசி போடச் சொல்லு. பொய்யாகக் கரும்பு வெட்டினேன் என்று எழுதிக்கொண்டு போய்க் கை அழுகிச் சாவதற்கு அவள் ஆட்டோ பிடித்துக் கூட்டிவரவில்லை. எழுதுகிறவன் அப்படியே எழுதினான்.

தையல் போட்டுக் கட்டுக் கட்டி முடிந்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தபோதுதான் உமாபதி பேசினான். இந்தப் போகத்துக் கரும்பை ஆலைக்கு அனுப்பிவிட்டுக் காசுக்காக அலைவதாகச் சொன்னான். போர் வற்றிவிட்டது. வேனில் வந்தவர்களில் பாதிப் பேர் அப்படித்தான், எல்லோருக்கும் நிலம் இருக்கிறது, வீட்டில் அரிசி இல்லை. திருப்பதியில் என்ன வேலை என்று ஏஜென்சிக்காரன் முதலில் சொல்லவில்லையாம், வேனில் ஏறின பிறகுதான் தெரிந்ததாம். தேவசேனா அதை நம்பவில்லை. மாஸ்க்கை வீட்டிலிருந்தே போட்டுக்கொண்டு வந்திருக்கிறான்.

"ஊருல யாருக்கும் சொல்லாதக்கா" என்றான் கடைசியில்.

"நானா? சொன்னா எனக்குத்தான் கேவலம். நாலு பொம்பளைங்க சோத்துல மண்ணு போட வந்தவன் எங்கூடப் பொறந்தவன்னு எந்த மூஞ்சிய வெச்சிக்கினு சொல்லுவேன்?"

உமாபதி அவளையே பார்த்தான். அவன் பயந்த அவமானம் ஒன்று, அவள் சொன்னது வேறொன்று. இந்தப் பக்கமும் ஒரு மானம் இருக்கிறது, அதற்குத் தன்னால் இழுக்கு வரும் என்று அவன் எப்போதும் நினைத்ததில்லை. ஏதோ சொல்ல வந்து, காலையிலிருந்து ஒன்றும் துன்னவில்லை என்று மட்டும் சொன்னான். அவள் கேண்டீனில் இட்லி வாங்கிக் கொடுத்தாள். இடது கையால் சாப்பிடத் தெரியாமல் அவன் தடுமாறுவதை உதவாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இன்றைய கூலி வாங்கிக்கொண்டு போகலாம் என்று அவன் கிளம்பி ஸ்ரீஹரியைப் போய்ப் பார்த்தான். அரை நாள்கூட ஆகவில்லை, அதற்குக் கூலி எதற்கு என்று ஸ்ரீஹரி அனுப்பிவிட்டான். உமாபதி ஏஜென்சி ஆபீஸ் வாசல் படியிலேயே உட்கார்ந்துகொண்டான். ஊருக்குப் போக வேன்தான், வேன் சாயங்காலந்தான்.

தேவசேனா பந்தலுக்குத் திரும்பி, கை கிழித்துக்கொண்ட ஆளுக்கு ஏஜென்சி கூலியில் நாமம் போட்டுவிட்டது என்று ஒரு வேடிக்கையைச் சொல்வதுபோலச் சொன்னாள். நன்றாக வேண்டும் என்று சில பேர் சிரித்தார்கள். பச்சையம்மாள் சிரிக்கவில்லை. வெற்றிலையைத் துப்பிவிட்டு எழுந்து புடவையை உதறினாள். எங்கே போகிறாய் என்று கேட்டதற்கு, கூலி வாங்க என்றாள்.

தேவசேனாவுக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. நம் வயிற்றில் அடிக்க வந்தவனுக்கு நாமே போய்க் கூலி கேட்பதா? அதற்குப் பச்சையம்மாள், வந்தது தப்புதான், நாலு திட்டு திட்டலாம், தானும் வந்து திட்டுகிறேன் என்றாள். "ஆனா குப்பய வாரினான். வாரினதுக்கு இல்லன்னு சொல்றத இன்னிக்கி சும்மா பாத்துக்கினு இருந்தா, நாளைக்கி நம்ம காச எந்த வாயால கேப்ப?"

"அவன் யாருன்னு தெரிஞ்சா நீ இப்பிடி கெளம்பமாட்ட. அவன் ஊட்டு வாசல்ல உன்ன நிக்க வுடமாட்டான்" என்றாள் தேவசேனா.

"தெரியும். உன் தம்பிதான?" என்றாள் பச்சையம்மாள். "காலையிலேயே தெரிஞ்சிச்சு. மூக்கு ஒரே மாதிரி கீது. அத தூக்கி வெச்சிக்கிறதும் ஒரே மாதிரிதான்."

ஊரையெல்லாம் மட்டமாகப் பேசுவது தன் சாமர்த்தியம் என்று தேவசேனா நினைத்திருந்தாள். அது பிச்சாட்டூரிலிருந்து பஸ்ஸில் கூடவே வந்தது என்றும், இத்தனை நாள் ஒரே வண்டியைத் தள்ளினவள் அதைக் கவனித்துக்கொண்டே இருந்திருக்கிறாள் என்றும் இப்போதுதான் உறைத்தது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பச்சையம்மாள் பின்னால் நடந்தாள்.

பந்தலில் இருந்தவர்களில் பாதிப் பேர் முணுமுணுத்துக்கொண்டே கூட வந்தார்கள். ஏஜென்சி ஆபீஸ் வாசலில் வேன் வந்து நின்றிருந்தது. வேலை முடித்த கிராமத்து ஆட்கள் அன்றையக் கூலிக்காக வரிசையில் இருந்தார்கள். ஸ்ட்ரைக்காரப் பெண்கள் கூட்டமாக வருவதைப் பார்த்ததும் அடிக்க வருகிறார்கள் என்று பின்வாங்கினார்கள். பச்சையம்மாள் நேராக ஸ்ரீஹரியின் மேஜைக்குப் போனாள். வாசலில் கட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவனுக்குக் கூலியும் ஆஸ்பத்திரிச் செலவும் கொடு என்றாள். ஸ்ரீஹரிக்கு முதலில் புரியவில்லை. உங்களுக்கு எதிராக வந்தவனுக்கு நீங்கள் ஏன் பேசுகிறீர்கள், அவன் உனக்கு என்ன உறவு என்று கேட்டான்.

தேவசேனாதான் முன்னால் வந்தாள்.

"எனக்குத் தம்பி. கூடப் பொறந்தவன்" என்றாள்.

வாசல் படியில் உமாபதி தலையைக் குனிந்துகொண்டான். அவனுடைய ஊர்க்காரர்கள் வரிசையிலிருந்து அவனைப் பார்த்தார்கள், அவளைப் பார்த்தார்கள். அவளை அந்த மஞ்சள் நீராட்டில் பார்த்தவர்கள் இரண்டு பேராவது அதில் இருந்தார்கள்.

ஸ்ரீஹரி தரவில்லை. இன்றைக்கு இவனுக்குக் கொடுத்தால் நாளைக்கு ஒவ்வொருவனும் கையைக் கிழித்துக்கொண்டு வந்து நிற்பான் என்றான். அவன் செய்த பெரிய முட்டாள்தனம் அதுதான். வரிசையில் நின்ற அத்தனை பேரும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களில் வயதான ஒருவர் அப்போது தன் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். அன்றைக்குக் கூலியை வாங்கிக்கொண்டு வேனில் ஏறிப் போனார்கள். மறுநாள் விடியலில் வேன் ஊர் ஊராகப் போய் ஹாரன் அடித்தது. ஏறினவர்கள் மிகக் குறைவு. அதற்கும் அடுத்த நாள் வேன் காலியாகவே திரும்பியது.

ஊர் நாற்றம் மேலே இருப்பவர்களின் மூக்கை எட்டியதும் பேச்சுவார்த்தை நடந்தது. ஜெயித்தோம் என்று பந்தலில் பட்டாசு வெடித்தார்கள். பாக்கிச் சம்பளம் இரண்டு துண்டாக வந்தது. கூலி ஏறியது, ஏறினதில் பாதியை விலைவாசி அதற்கு முன்பே சாப்பிட்டிருந்தது. கையுறை வந்தது. எல்லாம் ஒரே அளவு, தேவசேனாவின் இரண்டு கையும் ஒன்றில் நுழையும். ஆளடையாளம் பார்க்கிற போனை மாற்றவில்லை, ஸ்ரீஹரியை மாற்றினார்கள். கை கிழித்துக்கொண்டவனின் கூலியைக் கோரிக்கைகளில் ஒன்றாகப் பச்சையம்மாள் கடைசிவரை பிடித்துக்கொண்டிருந்ததால் அதுவும் கிடைத்தது. தேவசேனா அதை போனிலேயே தம்பிக்கு அனுப்பிவைத்தாள், கூட ஒரு வார்த்தை சேர்க்காமல்.

நரசிம்மன் காலனி சார்பில் ஒரு பாராட்டு விழா வைத்தார். பேத்தியின் நிச்சயதார்த்தத்துக்கு வாடகைக்கு எடுத்த மேடை மிச்சமிருந்தது. ஒவ்வொருவருக்கும் சால்வை போர்த்தி, நீங்கள் எல்லாம் கடவுளுக்குச் சமானம் என்றார். விழா முடிந்தபோது மேடைக்குக் கீழே வெறும் தட்டும் கப்புமாகச் சிதறிக் கிடந்தன. கடவுளுக்குச் சமானமானவர்கள் சால்வையை மடித்து வைத்துவிட்டு அதை அள்ளினார்கள்.

உமாபதி அந்தக் கைக்காயம் பற்றி ஊரில் என்ன சொன்னான் என்று தெரியாது. கரும்பு வெட்டினபோது பட்டது என்று ரூபா மட்டும் இன்னும் சொல்லிக்கொண்டிருப்பதாகக் கேள்வி. வேனில் வந்தவர்களுக்கு உண்மை தெரியும் என்பதால் அதை யாரும் நம்புவதில்லை, மறுப்பதும் இல்லை.

ஆனி மாதம் ஒரு நாள் அவனிடமிருந்து போன் வந்தது. நலம் விசாரித்தான், தரணியைப் பற்றிக் கேட்டான், மழை இல்லை என்றான். சுற்றிச் சுற்றி வந்து கடைசியில், அங்கே ஆள் எடுக்கிறார்களா என்றான்.

தேவசேனா சிரித்துவிட்டாள். பிறகு, எடுக்கிறார்கள் என்று உள்ளதைச் சொன்னாள். பச்சையம்மாளை இப்போது மேஸ்திரி ஆக்கியிருக்கிறார்கள், அவள் சொன்னால் வேலை நிச்சயம் என்றாள்.

"ஆனா மாஸ்க் போட்டுக்கினு வந்தா சேத்துக்கமாட்டா. அவ எதிருல வந்து நின்னு, அக்கா வேல குடுங்கன்னு கேக்கணும். கேப்பியா?"

போனில் மாடு கத்துவது மட்டும் கேட்டது. ரூபாவிடம் கேட்டுவிட்டுக் கூப்பிடுகிறேன் என்றான் உமாபதி.

இன்னும் கூப்பிடவில்லை. தேவசேனா காத்துக்கொண்டிருக்கவும் இல்லை. மாம்பழக் காலம் உச்சத்தில் இருந்தது. சித்தூர்ச் சீமை முழுக்கத் தின்று தீர்த்த தோலும் கொட்டையும் பைப்பையாக வாசலுக்கு வந்தன. ஈ மொய்த்தது, சாறு ஒழுகி வண்டிச் சக்கரம் ரோட்டில் ஒட்டியது. அவளும், மேஸ்திரி ஆன பின்னும் வண்டியை விடாத பச்சையம்மாளும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து, திட்டிக்கொண்டே தள்ளினார்கள்.